நாற்பத்தோரு தப்படி

கிளைப்பேடா துறையில்
படகுக்குள் லாரிகளை ஏற்றிவிடுவது என் வேலை.
உள்ளங்கையைக் காட்டினால்
இருபது டன் நிற்கும்.
பதினாலு கிலோ நிற்காது.

பதினாலு கிலோவின் பெயர் பிப்பிராஸ்.
எங்கள் ஊர்ப் பேச்சில் மிளகு.
காப்பகத்தில் வைத்த பெயர்,
காரணம் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன்.
தெருமுனையில் இன்னொரு நாயின் காது தெரிந்தால் போதும்,
கயிறு விண்ணென்று இழுபடும்.
ஒருமுறை என் தோள்மூட்டு இடம்பெயர்ந்தது.
பால்கனிகளில் ஆட்கள் முளைத்தார்கள்.
சும்மா இரு, சும்மா இரு என்று நானும் கத்தினேன்.
இவளும் சேர்ந்து குரைக்கிறாள் என்றே
அதற்குப் பட்டிருக்கும்.

பயிற்சி தரும் உக்னே
மஞ்சள் பிளாஸ்டிக்கில் கட்டைவிரல் நீளக் கிளிக்கர் ஒன்று கொடுத்தாள்.
'முதல் வாரம் நாய் வேண்டாம்.
பந்தைத் தட்டு.
தரையைத் தொடும் நொடியில் சொடுக்கு.'

சமையலறையில் பந்தும் நானும்.
பந்து மேலே எழும்பிய பிறகே
விரலுக்குச் சேதி போனது.
நொடி என்பதே ஒரு விரல்சொடுக்கு நேரம்தானாம்.
அது கூட என்னிடம் இல்லை.
நாற்பத்தாறு வயதுவரை
எல்லாவற்றையும் முடிந்த பிறகுதான்
பார்த்திருக்கிறேன் போல.

சட்டம் ஒன்றே ஒன்று:
சொடுக்கினால் கொடுக்க வேண்டும்.
தவறிச் சொடுக்கினாலும்.
குரைத்துக்கொண்டிருந்த வாய்க்கே ஒருநாள்
கை தவறிவிட்டது.
கொடுத்தேன், ஈரல் துண்டு.
கடன் கடன்தான்.

மூன்றாம் மாடி ரிம்காவுதாஸின் கதவிடுக்கில்
சீட்டு எழுதிச் செருகினேன்:
உங்கள் நாயை மாலை ஆறு மணிக்கு
எனக்குக் கொஞ்சம் தூரத்தில் நிறுத்த முடியுமா?
பள்ளிக்கூடத்துப் பின்மைதானம்.
கோல் கம்பத்தருகே அவர்,
காலடியில் குட்டைக்கால் சில்கே,
வயிறு புல்லைத் தொட.

நாற்பத்தோரு தப்படி.
நாற்பதில் மிளகு வெடிக்கும்.
நாற்பத்தொன்றில்
பார்த்தது. காது நிமிர்ந்தது. நெஞ்சில் ஏதோ உருண்டது.
உருண்டது தொண்டைக்கு ஏறுமுன்
ஓர் இடுக்கு இருக்கிறது, ஊசிக்காது அளவு.
அதில் சொடுக்கினேன்.
தலை என் பக்கம் திரும்பியது.
ஈரல்.

இப்படியே.
முப்பத்தெட்டு. முப்பத்தாறு.
புத்தாண்டு வெடிச்சத்தத்துக்குப் பிறகு ஐம்பது.
ஜனவரி முழுக்க ஐம்பது;
மைதான விளக்கில் மூச்சுப்புகை மட்டும் பக்கத்தில்.
ஏப்ரலில் பத்தொன்பது.

அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.
சத்தம் போட்டால் இது கெடும்.
அவர் கையை உயர்த்துவார், நான் உயர்த்துவேன்,
வீட்டுக்குப் போவோம்.
அவருடைய மூன்று கோட்டுகளையும் தெரியும்.
கண் என்ன நிறமென்று தெரியாது.

மே மாதத்தில் ஒருநாள் தனியே வந்தார்.
கையில் கயிறு, நுனியில் வெறும் கொக்கி.
சில்கேவுக்கு முதுகெலும்பில் அறுவை,
கவுனாஸ் ஆஸ்பத்திரியில் கிடக்கிறது.
அது பிறகு தெரிந்தது.
'ஆறு மணி ஆச்சு, கால் வந்துவிட்டது' என்றார்,
அதுவும் பிறகுதான்.

பிப்பிராஸ் அவரைப் பார்க்கவில்லை.
அவர் காலருகே காலியாக இருந்த புல்லைப் பார்த்தது.
வெகுநேரம்.
பிறகு தானாகவே திரும்பி
என் முகத்தைப் பார்த்தது.

இல்லாத நாயைப் பார்த்ததற்குச்
சொடுக்கலாமா என்று உக்னே சொல்லித்தரவில்லை.
யோசிக்குமுன் விரல் சொடுக்கியிருந்தது.
முதன்முதலாகப் பிந்தவில்லை.

பையைத் துழாவினேன். தூள்தான் மிச்சம்.
லாரிகளை நிறுத்தும் கையை விரித்து
நக்கக் கொடுத்தேன்.

'எவ்வளவு கிட்ட வரலாம்?'
அங்கிருந்தே கேட்டார், தாழ்ந்த குரலில்.
மனிதருக்கு நான் இன்னும் அளக்கவில்லை.
'நேராக வேண்டாம்' என்றேன்.
'வளைந்து வாருங்கள்,
எங்களைப் பார்க்காத மாதிரி,
அந்தக் கொக்கி சத்தம் போடாமல்.'